தரவுச் சுருக்கமும் தமிழெழுத்தும்

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். அவ்வெண்கள் தங்கும் சிற்றிடம் பைட்டு எனப்படும். இணையத்தில் பெருவழக்காயுள்ள யூ.டி.எப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றிற்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியொன்றிற்கோ மூன்று வேண்டும். திருகோணமலையின் பெயரை ஆங்கில வழக்கில் எழுத 11 பைட்டுகள் ஆகும். தமிழில் எழுதின், உயிர்மெய்யின் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி எண்ணப்படுதலின், 10 குறிகளுக்கு 30 பைட்டுகள் ஆகின்றன. தாய்மொழியில் எழுதுவோர் இத்துணைச் சுமை தாங்கல் வேண்டுமோ? இக்குறையைப் பெரிதும் தணிப்பது தரவுச் சுருக்கம்.

அம்மூன்று பைட்டுகளுள் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகட்கும் 224 என்னும் ஒரே எண். இரண்டாவது 174 அன்றி 175. எனவே சுமையின் பெரும்பகுதி வெறும் மீள்வரவேயாம். லெம்பெல், சிவ் என்னும் அறிஞர் 1977இல் வகுத்த முறை, முன்வந்த தொடர் மீண்டும் வருமிடத்து, 'இவ்வளவு பின்சென்று இத்தனை பைட்டுகளை எடுத்துக்கொள்க' என்னும் குறிப்பையே எழுதும். ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட முறை, அடிக்கடி வருவனவற்றிற்குக் குறுங்குறியும் அருகி வருவனவற்றிற்கு நெடுங்குறியும் தரும். இவ்விரண்டின் கூட்டே டிஃப்லேட். இதனை இயற்றும் ஸெட்லிப் என்னும் நிரல்நூலகத்தைக் கெய்லியும் அட்லரும் 1995இல் வெளியிட்டனர். சுருக்கியதை விரிக்குங்கால் ஓரெழுத்தும் குறையாது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சேவையகத்தில் இயக்கும் நோட்.ஜேஎஸ் 2009இல் தோன்றியது. ஸெட்லிப் அதனுள்ளேயே அமைந்திருத்தலின், நிரலர் அதன் 'ஜிசிப்' என்னும் செயலை அழைத்தலே போதும். பெறுவோரின் உலாவி அவ்வடிவை ஏற்குமா என நோக்கி, அனுப்புங்கால் அதன் பெயரைத் தலைப்பிற் குறித்தல் வேண்டும். இன்றேல் பெறுவோர் அதனைப் படித்தல் இயலாது.

ஈண்டுக் கருதத்தக்கன மூன்று. முதலாவது, ஜிசிப் வடிவின் தலையும் வாலும் மட்டுமே 18 பைட்டுகள் கொள்ளும். 'திருகோணமலை' என்னும் தனிச்சொல்லைச் சுருக்கப் புகின் அது பெருகுமேயன்றிக் குறுகாது. நீண்ட கட்டுரைகளுக்கே சுருக்கம் பயன்தரும். இரண்டாவது, முடியும்வரை காத்துநிற்கும் வகைச் செயலை அழைத்தால், அதுகாறும் சேவையகம் ஏனையோருக்கு விடையிறுக்க மாட்டாது. காத்துநில்லா வகையோ அப்பணியைப் பின்னணியில் நிகழ்த்தும். மூன்றாவது, அயலார் அனுப்பும் சிறு பொதி ஆயிரம் மடங்கினும் மிக்கு விரிந்து நினைவகத்தை அடைத்தல் கூடும். ஆதலின் விரிவிற்கு முன்னரே எல்லை விதித்தல் நன்று.

தமிழின் சுமை மொழியின் குற்றமன்று, குறியீட்டின் விளைவே. அதனை அறிந்து களைதல், தமிழ் மாணவர் தம் மொழிக்கு ஆற்றத்தக்க பணிகளுள் ஒன்றாம்.