சீல் பிரிக்காத இசைத்தட்டு

‘சீல்கூடப் பிரிக்கல சார்’ என்று யாராவது பழைய இசைத்தட்டை நீட்டினால், நான் முதலில் பார்ப்பது மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைத்தான். சூடுகாட்டிச் சுருக்கும் மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பிளாஸ்டிக் புத்தம்புதிதாகப் பளபளக்க, உள்ளே அட்டையில் வட்டமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் சந்தேகப்படுவேன். பிரித்துக் கேட்டுவிட்டு மறுபடி சுற்றிய சரக்காக இருக்கலாம். 1960களின் பதிப்பு என்கிறார்கள், அட்டையிலோ பார்கோடு! பேச்சே வேண்டாம், பிந்தைய மறுபதிப்பு.

எந்த அச்சு என்று காட்டிக்கொடுப்பது லேபிளைச் சுற்றித் தட்டிலேயே பொறித்த எண்கள். சீலைக் கிழிக்காமல் அவற்றைப் படிக்க முடியாது. கிழித்தால் விலை போச்சு. இறுக்கிய பிளாஸ்டிக்கே தட்டை வளைத்திருக்கவும் கூடும்.

பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’யைப் பாருங்கள். 1966இல் அமெரிக்காவின் கேபிடல் நிறுவனம் தயாரித்த முதல் அட்டையில் நால்வரும் வெள்ளைக் கோட்டில், இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளுமாக இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தட்டுகளைத் திரும்பப் பெற்று, பல அட்டைகளின்மேல் வேறு படத்தை ஒட்டினார்கள். அப்படி ஒட்டிய பிரதியில், வலப்பக்க வெள்ளைப் பகுதியில் நால்வரில் ஒருவரான ரிங்கோவின் கறுப்புச் சட்டைக் கழுத்து முக்கோணமாக நிழலாடும். ஒட்டாத, சீல் பிரிக்காத பிரதிக்குத்தான் பெரிய விலை. நிறுவனத் தலைவர் ஆலன் லிவிங்ஸ்டன் அப்படிப்பட்ட பிரதிகள் அடங்கிய ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். 1980களில் அவர் மகன் அந்தப் பிரதிகளை விற்றார். மற்ற தட்டுகளின் சீலை நகத்தால் தடவிப் பார்ப்பவர்கள், எங்கிருந்து வந்தவை என்று தெரிந்த இவற்றுக்கு விலை மட்டும்தான் பேசுகிறார்கள்.