பழைய நீராவிப் படகும் அதன் ஒளியும்

பழங்காலத்து ஆற்றுக் கப்பலின் சாயலில் பிரயாணப் படகொன்றை அமைக்க முற்படுவோர், பித்தளை அரிக்கன் லாம்புகளைத் தேடிப் பிடித்து வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றுள் இக்காலத்து வெண்ணிற எல்.ஈ.டி. குமிழ்களைப் பொருத்திவிடுவார்களாயின், பாத்திரம் மட்டுமே பழமையாய் இருக்குமேயன்றி, ஒளி நம் கடைத்தெருவின் ஒளியாகவே இருக்கும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் விஞ்ஞானிகள் குறிக்கின்றனர். எண் குறையக் குறையச் செம்மை கூடும். மண்ணெண்ணெய்ச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின், எடிசன் காலத்துக் கரியிழைக் குமிழ் சுமார் 2100, பின்வந்த டங்ஸ்டன் இழைக் குமிழ் 2700 அளவு. எனவே, எந்த ஆண்டின் படகு என்று முதலில் நிச்சயித்துக்கொள்ளாமல் விளக்கைத் தெரிவு செய்தல் இயலாது. கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் 1929இல் கட்டப்பட்டு வங்கத்து நதிகளில் ஓடிய 'ஆஸ்ட்ரிச்' என்னும் சக்கரக் கப்பலின் சாயலை நாடுவோர்க்கு டங்ஸ்டன் நிறமே உரியது. அதற்கு அரை நூற்றாண்டு முந்திய கப்பலென்றால் சுடரின் நிறமோ, கரியிழையின் நிறமோதான் பொருந்தும்.

1880இல் எடிசனின் மின்குமிழ்களை முதன்முதலாக ஏற்றிய 'கொலம்பியா' என்னும் அமெரிக்கக் கப்பலில், அறைவிளக்கின் விசை அறைக்கு வெளியே, பூட்டிய மரப்பெட்டிக்குள் இருந்தது. விளக்கு வேண்டிய பிரயாணி பணியாளையே அழைக்கவேண்டும். ஒளி அவ்வளவு அருமையான வஸ்துவாயிருந்த அக்காலத்தின் மனோபாவம் நம் படகிலும் தோன்றவேண்டுமெனில், கூரை முழுவதையும் பிரகாசமாக்கும் ஆசையை அடியோடு விடுத்து, மேசைக்கு மேலும் படிக்கட்டின் ஓரத்திலும் மட்டும் சிறு சிறு ஒளிவட்டங்களை அமைத்து, இடையிடையே நிழலை நிழலாகவே விட்டுவைத்தல் வேண்டும். விலை குறைந்த எல்.ஈ.டி. சிலவற்றில் ஆழ்ந்த செந்நிறம் குன்றியிருப்பதால், தேக்கும் பித்தளையும் மனித முகமும் ஒருங்கே சோபையிழந்துவிடும். நிறங்களை உள்ளபடி காட்டும் தன்மையையும் பார்த்தே வாங்கவேண்டும்.

நீலம் குறைந்த ஒளியால் இன்னொரு நன்மையும் உண்டு. கல்முனையின் மேற்கே விரிந்திருக்கும் வாவி போன்ற நீர்ப்பரப்புகளில் அந்தி சாய்ந்ததும் விளக்கை மொய்க்கும் பூச்சிகள், வெண்ணொளியை நாடுமளவு இத்தகைய ஒளியை நாடுவதில்லை.

ஆனால் அலங்காரத்துக்கு ஓர் எல்லையுண்டு. இடப்புறச் சிவப்பும் வலப்புறப் பச்சையும் கலங்களின் வழிகாட்டு விளக்குகள். அவையென மயங்கத்தக்க எந்த விளக்கும், காவல் பார்ப்பவரின் பார்வைக்கு இடையூறான எந்த விளக்கும் கூடாதென்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. இருளுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டியிருக்க, ஒரு கணத்துப் பிரகாசம் அப்பழக்கத்தைக் கெடுத்துவிடும். நம் வாவியில் இப்படியொரு படகு ஓடுமாயின், விளக்கின்றி வலை விரித்திருக்கும் தோணிக்காரரைச் சுக்கான் பிடிப்பவர் காணும்பொருட்டு, முன்தட்டில் அலங்கார விளக்கு ஒன்றும் வைக்கலாகாது.