நாயனத்து மெட்டும் பேண்டு வாத்தியமும்



குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் நாயனமும் தவிலும் இல்லாமல் நிறைவு ஏது? கரகம் எடுப்பவர் காலுக்கு ஏற்றபடி மேளக்காரர் வாசிக்கும் மெட்டுகள் பெரும்பாலும் தாளில் எழுதப்பட்டவை அல்ல. தகப்பன் ஊத, மகன் கேட்டுப் பிடித்துக்கொண்டவை. இன்று பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துப் பேண்டில் கிளாரினெட் ஊதுகிறான். தாளில் இருப்பதை ஊதுவான். தாத்தாவின் மெட்டு அவனுக்குத் தெரியாது. அதை அவன் கையில் சேர்ப்பது எப்படி?

பேண்டு நமக்குப் புதியதன்று. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், அரண்மனையிலேயே மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் பாட்டு இயற்றினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்பார்கள். பேண்டோடு வந்த கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர் ஆட்டத்துக்குப் பக்கவாத்தியம் ஆயிற்று. பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அதே கருவியில் கமகம் குறையாமல் ராகம் வாசித்துக் காட்டினார். ஆகவே, கருவியில் குறை இல்லை. எழுதும் முறையில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது சுருதி. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் தாளில் 'சி' என்றிருப்பதை ஊதினால், காதில் விழுவது பி-ஃபிளாட். ஆல்டோ சாக்ஸஃபோனில் அதுவே இ-ஃபிளாட். எனவே ஒரே மெட்டை வாத்தியத்துக்கு வாத்தியம் இடம் மாற்றி எழுத வேண்டும். ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்தால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும்.

இரண்டாவது பங்கீடு. நாயனத்தின் மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுங்கள். ஒத்து இடைவிடாமல் பிடிக்கும் சுருதியை டியூபாவுக்குக் கொடுங்கள். தவிலின் வலந்தலைச் சொற்களை சைடு டிரம்மும், தொப்பியின் முழக்கத்தைப் பெரிய டிரம்மும் ஏற்கட்டும். டிரம்பெட், மெட்டு திரும்பி வரும் இடத்தில் மட்டும் சேர்ந்தால் போதும். மேனாட்டு வழக்கப்படி ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் வேறு ஸ்வரங்களை அடுக்கினால் ராகம் மறைந்து போகும்.

மூன்றாவது அசைவு. இதுதான் கடினம். ஸ்வரம் தாளில் ஏறும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள வளைவு முழுவதும் ஏறாது. இதற்கு வேறொரு மக்களின் கதையைக் கேளுங்கள்.

கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களுக்கும் கல்யாண வாத்தியக்காரர் பரம்பரை உண்டு. அவர்கள் வாசித்த ஆட்ட இசைக்குக் கிளெஸ்மர் என்று பெயர். அதிலும் கிளாரினெட் முக்கியம். அந்த மெட்டுகள் பலவற்றின் ஸ்வரங்கள் நம் வகுளாபரண ராகத்துக்கு உரியவை. நம் பிள்ளைகள் முதலில் பயிலும் மாயாமாளவகௌளையில் நிஷாதத்தை மட்டும் இறக்கினால் அது கிடைக்கும். அந்த இசையில் விம்முவது போன்ற ஓர் அசைவு வரும். அதைக் 'கிரெக்ட்ஸ்' என்பார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். வாத்தியக்காரர் பலரும் அதில் மாண்டார்கள். 1970களில் அமெரிக்காவில் வளர்ந்த யூத இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டார்கள். அதோடு நிற்காமல், டேவ் தராஸ் என்ற முதிய கிளாரினெட் வித்வானிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். அவர் 1989இல் காலமானார். அதற்குள் அந்த விம்மல் இளைஞர்களின் விரலுக்கு வந்துவிட்டது. இப்போது கிளெஸ்மர் மெட்டுகளைப் பெரிய பேண்டுகளும் வாசிக்கின்றன. எழுதிய தாள் உதவியது. ஆனால் உயிர் கொடுத்தது பெரியவரின் மூச்சு.

நாமும் அப்படியே செய்யலாம். உங்கள் தோட்டத்தில் நாயனம் வாசித்த முதியவர் இருக்கிறாரா? அவர் ஊதுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊத மூச்சு இல்லையென்றால் வாயால் பாடச் சொல்லுங்கள். எந்தச் சடங்குக்கு எந்த மெட்டு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேண்டு ஆசிரியர் அதைக் கேட்டுத் தாள் எழுதட்டும். பிறகு அந்தப் பெரியவரை ஒத்திகைக்கு அழைத்து, பிள்ளைகள் நடுவே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். 'இங்கே இழு, அங்கே வழுக்கு' என்று அவர் சொல்லும் சொல்லை எந்தத் தாளும் சொல்லாது.

ரப்பர் மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். முதியவரோடு போன மெட்டை எங்கே போய்த் தேடுவது? அடுத்த திருவிழாவுக்குக் காத்திராமல், இந்த வாரமே அவர் வீட்டுப் படியேறுங்கள்.