பழைய ஆர்15-க்கு புது ஷாக்: போல்ட் பொருந்தினா போதுமா?

2008-ல் வந்த யமஹா ஆர்15 உங்ககிட்ட இன்னும் ஓடிக்கிட்டு இருக்கா? ஸ்பீடு பிரேக்கர் தாண்டினதும் பின்பக்கம் ரெண்டு மூணு தடவை குதிக்குதா, ராடில் ஆயில் கசியுதா? மோனோஷாக் போயிருச்சு. வளைவில் ஒரு பள்ளம் வந்தால், சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும். தள்ளிப்போடாதீங்க.

ஆனால், இந்த பைக்கில் ஷாக்குக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே லிங்க் உண்டு. அதன் பேரிங் துருப்பிடித்து இறுகினாலும் ஷாக் போன மாதிரியேதான் இருக்கும். முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.

“வேற பைக்கோட ஷாக் இருக்கு, அப்படியே உட்காரும்” என்பார்கள். உட்காரும்தான். ஆனால், மேல் போல்ட் துளையிலிருந்து கீழ்த் துளை வரையிலான நீளம் 1 செ.மீ. கூடினாலே பின்பக்கம் அதைவிட அதிகமாக உயரும். ஹேண்டில் பரபரப்பாகும், சைடு ஸ்டாண்டில் வண்டி சரியாக நிற்காது. லிங்க் அமைப்பு பைக்குக்கு பைக் மாறுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஒத்துவராது.

முக்கியமானது உங்க எடை. பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளங்க. ஜாக்கெட், ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, நண்பரை விட்டு மறுபடி அளங்க. சக்கரத்தின் மொத்த அசைவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. ப்ரீலோடை முழுசா இறுக்கியும் அதைவிட அமுங்குதா? ப்ரீலோடு உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. ஸ்பிரிங்கையே மாற்றணும்.