மேஸியோ பார்க்கரின் இசைத்தட்டு

ஸாக்ஸபோன் என்னும் ஊதுகருவியை நேயர்கள் திரையிசையிலும் பாண்டு வாத்தியத்திலும் கேட்டிருப்பீர்கள். அதனைக் குழைத்து வாசிப்போர் பலர். அமெரிக்கரான மேஸியோ பார்க்கரோ அதனை ஏறக்குறைய ஒரு தாளக் கருவியாகவே ஆக்கிவிட்டார்.

வட கரோலினா மாநிலத்துக் கின்ஸ்டன் நகரில் 1943-இல் பிறந்த இவர், 1964-இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். 'ஃபங்க்' இசை உருப்பெற்றது அக்குழுவிலேதான். நம் முறையில் கூறுவதாயின், நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனத்தில் சமத்தின்மீதே பாரம் முழுவதும் விழும். எஞ்சிய இடங்களில் கருவிகள் சிறு சிறு சொற்கட்டுகளாய்க் குறுக்கிட்டு ஓடும். பாட்டின் நடுவே பிரவுன், "மேஸியோ!" என்று விளிப்பார். இவர் சிறிது நேரம் வாசித்து விலகிக்கொள்வார். பெயர் உலகறிந்தது, மேடை பிறருடையது.

பிரவுன் சிறையிலிருந்த 1990-ஆம் ஆண்டில், 'ரூட்ஸ் ரிவிஸிட்டட்' என்ற இசைத்தட்டைப் பார்க்கர் தம் பெயரில் வெளியிட்டார். வேர்களை மீண்டும் நாடுதல் என்பது தலைப்பின் கருத்து. டிராம்போனில் ஃபிரெட் வெஸ்லி, டெனர் ஸாக்ஸபோனில் பீ வீ எல்லிஸ். இருவரும் பிரவுன் குழுவின் பழைய தோழர்கள். ஆர்கன் வாசித்த டான் புல்லனோ, ஜாஸ் இலக்கணத்தை உடைத்தவர் எனப் பெயர் பெற்றவர். அவர் இங்கு அடக்கமாகவே வாசிக்கிறார். அது நமக்கு வியப்புத்தான்!

கர்டிஸ் மேஃபீல்டு இயற்றிய, தேவாலயச் சாயலுள்ள பாடலொன்றும் இதில் உண்டு. அதைப் பார்க்கர் விரைவின்றி, பாடுவோர் மூச்சு விடுமிடங்களில் தாமும் மூச்சு விட்டு வாசிக்கிறார். சொல்லற்ற பாட்டென்றே அதனை நாம் கருதுகிறோம்.

அமெரிக்க ஜாஸ் விற்பனைப் பட்டியலில் இத்தட்டு 10 வாரங்கள் முதலிடம் வகித்தது. பார்க்கருக்கு அப்போது வயது 47.