வௌவாலின் கடிகாரமும் லித்தியமும்

இருமுனை மனநோயில் மனச்சோர்வுக்கு எதிர்முனையாக எழும் மேனியா நிலையில் உறக்கம் குறைந்து, பேச்சும் துணிச்சலும் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அதைத் தணிக்கும் லித்தியம் உப்பை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் முதலில் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி, அவை அமைதியடைந்ததைக் கண்ட பின்னர் நோயாளிகளுக்கு அளித்து, 1949-இல் முடிவுகளை வெளியிட்டார். கினிப் பன்றிகளின் அந்த அமைதி நஞ்சேறியதன் விளைவாகவும் இருந்திருக்கலாம் என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் வளர்த்தெடுத்த உயிரியல் கடிகார ஆய்வு மரபில், லித்தியம் குளோரைடு பெற்ற வௌவால்களின் பறத்தல் சுழற்சி, அதாவது உடலே வகுத்துக்கொள்ளும் ஒரு நாளின் நீளம், கூடுவதாக 1981-இல் பதிவானது. உறக்கத்தை ஆளும் இக்கடிகாரத்துக்கும் மேனியாவுக்கும் உள்ள உறவை ஆராய்வோருக்கு இது அரிய செய்தியாகும். 2007-இல் அமெரிக்க ஆய்வொன்றில், கடிகார மரபணு பிறழ்ந்த சுண்டெலிகள் உறக்கம் குறைந்து, ஓயாமல் ஓடி, இயல்பாக அஞ்ச வேண்டிய திறந்த இடங்களிலும் துணிந்து திரிந்தன. லித்தியம் தரப்பட்டதும் அந்நடத்தைகளில் பல இயல்புநிலைக்குத் திரும்பின. எலியின் மனத்தில் பெருமித எண்ணம் உண்டா என்பதை அறிய வழியில்லாததால், அவற்றை மேனியா போன்ற நடத்தை என்ற அளவோடு நிறுத்துவதே முறை. லித்தியத்தின் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதால், அதை உட்கொள்வோர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.