குதிகால் எழும்பும் பனிப்பயணம்

கால்பந்தாட்டத்தில் பெயரெடுத்த சென்னை வியாசர்பாடி இளைஞர்களிடம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம் பனியின்மீது தம் சொந்தத் தசைவலிமையாலேயே சறுக்கிச் செல்லும் பந்தயம் ஒன்று உண்டென்று சொன்னால், வெயிலும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியுமே பழகிப்போன அவர்கள் சற்றே சிரிக்கக்கூடும். ஆயினும் அதற்கு வேண்டிய மூச்சுப்பலம், தொண்ணூறு நிமிஷம் மைதானத்தில் ஓடுகிறவனுக்கு அந்நியமானதன்று.

சரிவில் கீழ்நோக்கிப் பாயும் சறுக்கலில் பூட்ஸ் முழுவதும் சறுக்குப்பலகையோடு பிணைந்திருக்கும். நார்வே முதலிய தேசங்களில் போக்குவரத்துச் சாதனமாகவே வழங்கிவந்த இந்த நெடுஞ்சறுக்கலிலோ (கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங்), முன்பாதம் மட்டும் பூட்டப்பட்டு, குதிகால் ஒவ்வோர் அடிக்கும் எழும்பி விழும். பலகையின் நடுவே பூசும் ஒருவகை மெழுகு, உடல்பாரம் அழுந்தும் கணத்தில் பனியைப் பற்றி, பாரம் நீங்கியதும் விட்டுவிடுவதால், ஏற்றத்திலும் வழுக்காமல் ஏறலாம்.

நம் தேசத்தில் இதற்குரிய ஸ்தலங்களில் பிரதானமானது, காஷ்மீரத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க். 1948-இல் ராணுவம் அங்கே பனிச்சறுக்குப் பள்ளியை ஸ்தாபித்தது. 2020 முதல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் அங்கே நடந்துவருகின்றன. உத்தராகண்டத்து ஔலி, 2011-இல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிகளைக் கண்டது. ஒலிம்பிக்கில் தாஷி லுண்டுப் 2010-இலும், நதீம் இக்பால் 2014-இலும், ஜகதீஷ் சிங் 2018-இலும் இப்பந்தயத்தில் நமக்காக ஓடினர். பத்திரிகைகள் அவர்களை அவ்வளவாகக் கொண்டாடவில்லை என்பது என் மனக்குறை.

ஜனவரி, பிப்ரவரியில் இத்தலங்களுக்குச் சறுக்கப் புறப்படுவோர் பருத்திப் பனியனை வீட்டிலேயே விட்டுச் செல்க. வேர்வையில் நனைந்தால் அது லேசில் உலராது, நின்ற மாத்திரத்தில் உடம்பை விறைக்கச் செய்யும். கம்பளி உள்ளாடையே உத்தமம்.